ஒரு மணி நேரம் கேட்டவள்

தெருவில் அவருக்கு ரேடியோ என்று பேர். நாற்காலி, சோபாவுக்கெல்லாம் குஷன் தைத்துப் போடுவது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கிழிந்த ரெக்சினை உரிக்கும்போதும் பேச்சு, புதுத் துணியை இழுத்துப் பிடித்து ஆணி அறையும்போதும் பேச்சு. சின்ன ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டிருக்கும் நேரத்தில்கூட ஓரமாக வாயைக் கோணி ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார். சோபாவை விட்டுவிட்டுப் போக வந்தவர்கள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் படியிறங்குவார்கள். போகும்போது சிரித்துக்கொண்டே போவார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

அவர் மனைவிக்கு இருபத்தாறு வருஷமாக இது பழக்கம். முன்பு மகள் வீட்டில் இருந்தாள். பேச்சு இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு மொத்தமும் மனைவி தலையில். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. வாடிக்கையாளர்களின் அளவுகளை நோட்டில் எழுதிவைப்பாள், துணி வெட்டித் தருவாள், தையல் மிஷின் ஓட்டுவாள். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, இரண்டு மணிக்கு ஒரு பையை எடுத்துக்கொண்டு, "அக்காவைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று கிளம்புவாள். அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நாலரைக்குள் திரும்பிவிடுவாள். இவரும் அவள் திரும்பும் நேரத்துக்குச் சொல்வதற்கென்று நாலு சமாசாரம் சேர்த்து வைத்திருப்பார்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயத்தில் பொது நூலகத்திலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். நூலகர் நாற்பது வயதுப் பெண்மணி. வேகமாக நடந்து, மெதுவாகப் பேசுகிறவர். மாடியில் பழைய பத்திரிகைகள் அடுக்கிக் கிடந்த அறையைத் திறந்து காட்டினார். பத்திரிகைகளை அப்புறப்படுத்தியிருந்தார்கள். சுவரில் வெள்ளை அடித்த வாசனை இன்னும் போகவில்லை.

"மாஸ்டர், இங்க பத்துப் பேர் உட்கார்ந்து படிக்கணும். உள்ள வந்தா மூச்சு விடுற சத்தம்தான் கேட்கணும். ஆனா பரீட்சை ஹால் மாதிரி விறைப்பா இருக்கக் கூடாது. உட்கார்ந்தவங்களுக்கு எழுந்திருக்க மனசு வரக்கூடாது. உங்களால முடியுமா?"

"முடியுமாவா? மேடம், நான் போட்ட சோபாவுல உட்கார்ந்து ஒருத்தர் பஸ்ஸையே விட்டுட்டாரு. அந்தக் கதையைக் கேளுங்க…" என்று ஆரம்பித்தவர், கதை முடிந்ததும் அறையின் நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டினார். சத்தம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது.

"பார்த்தீங்களா? வெறும் சுவரு. பொட்டுச் சத்தம் போட்டாலும் பெருசாக்கிக் குடுக்குது. பின்சுவர் பூரா பஞ்சு வச்சுத் துணி போர்த்தி அடிக்கணும். ஜன்னலுக்குக் கனமான திரை. நாற்காலிக் காலுக்கெல்லாம் அடியில கம்பளித் துண்டு. கதவு பாருங்க, எப்படிக் கத்துது."

நூலகர் சந்தோஷமாகத் தலையாட்டினார். "இன்னொண்ணு இருக்கு மாஸ்டர். இந்த அறைக்கு யோசனை என்னுடையது இல்லை. ஆறு மாசம் முன்னாடி ஆலோசனைப் பெட்டியில ஒரு கடிதம் கிடந்தது. பேர் போடலை. இதை வச்சுத்தான் மேலிடத்துல பேசி அனுமதி வாங்கினேன். உங்களுக்கும் இதுதான் உதவும்" என்று மடித்த தாள் ஒன்றை எடுத்து, தானே படிக்க ஆரம்பித்தார்.

"'இங்கே படிக்க இடம் இருக்கிறது, அமைதி இல்லை. கீழ்க் கூடத்தில் நாற்காலியை இழுக்கும் சத்தமும் போன் சத்தமும் ஓய்வதில்லை. மாடியில் பழைய பத்திரிகை அறை சும்மாதானே கிடக்கிறது? அங்கே வாசிக்க இடம் செய்து தரலாம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படவேண்டும். இப்போது இருப்பவற்றில் என்னைப் போன்ற குள்ளமானவர்களுக்குக் கால் தொங்குகிறது, அரை மணியில் மரத்துப்போகிறது. கை வைக்கும் கட்டை, கனமான புத்தகத்தைத் தாங்கும் உயரத்தில் இருக்கவேண்டும். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும். பையை மாட்ட ஒரு கொக்கி இருந்தால் அதைக் காலடியில் வைத்துத் தடுக்கி விழவேண்டியதில்லை.'"

"ஆளு விவரம்தான்" என்றார் ரேடியோ.

"இனிமேதான் இருக்கு, கேளுங்க. 'என் வீட்டுக்காரர் நல்லவர். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கண் விழித்ததிலிருந்து பேசிக்கொண்டே இருப்பார். பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், காதில் விழவில்லையென்று நினைத்து முதலிலிருந்து சொல்வார்.'"

ரேடியோ வாய்விட்டுச் சிரித்தார். நூலகரும் சிரித்தார். "எந்தப் புண்ணியவானோ பாவம்! 'ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், யாரும் என்னைக் கூப்பிடாமல், எதற்கும் எழுந்திருக்காமல், உட்கார்ந்து படிக்க முடிந்தால் போதும். தினமும் வரும் ஒருத்தி.' அவ்வளவுதான். இந்தாங்க, வச்சுக்கங்க. அளவெல்லாம் பார்க்க உதவும்."

சிரித்த வாயோடு கையில் வாங்கியவர், அதைப் பார்த்தார். 'ழ'வின் வாலை அடுத்த எழுத்துக்கடியில் நீளமாக இழுத்துவிடும் கையெழுத்து. 'நீளம்', 'அகலம்', 'முழங்கால் உயரம்' என்று இருபத்தாறு வருஷமாக அவர் மனைவி நோட்டில் எழுதிவரும் கையெழுத்து.

"என்ன மாஸ்டர்?"

"ஒண்ணுமில்லை மேடம்" என்று சொல்லி, தாளைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அப்படியும் மனசு ஒப்பவில்லை. ஒரே மாதிரி கையெழுத்து ரெண்டு பேருக்கு இருக்காதா என்ன? மறுநாள் இரண்டே முக்காலுக்கு, ஜன்னலை அளக்கும் சாக்கில் நூலகத்துக்குப் போனார். வெளியே மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. கீழ்க் கூடத்தின் வாசலில் செய்தித்தாளுக்கு இரண்டு பேர் இழுபறி. யாருடைய போனோ அடித்தது. கடைசி மேஜையில், புத்தக அலமாரியை ஒட்டி, அவள் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கண்ணாடி. கண்ணாடி போட்டு அவளை அவர் பார்த்ததே இல்லை. எப்போது வாங்கினாள்? யாரோடு போய்க் கண்ணைப் பரிசோதித்தாள்? கால் தரைக்கு எட்டாமல், செருப்பின் நுனி மட்டும் மேஜைக் குறுக்குக்கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தடிமனான புத்தகம் ஒன்றைப் பாதிக்கு மேல் தாண்டியிருந்தாள். படித்துக்கொண்டே வந்தவள், ஏதோ ஒரு வரியில் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்புதான் அவரை அடித்துப் போட்டது. அவர் எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்தவர். இந்த மாதிரி ஒரு சிரிப்பு அவள் முகத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டதே.

அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியே வந்து, மழையில் நனைந்தபடியே வீட்டுக்கு நடந்தார்.

நாலரைக்கு அவள் வந்தாள். "அக்காவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. சேர்த்துவைத்த நாலு சமாசாரத்தையும் சொல்லவில்லை. அவள் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். குடித்தார். மிஷினில் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். பேசக்கூடாது என்று சபதம் ஒன்றும் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவை வாய் திறக்கும்போதும், 'முதலிலிருந்து சொல்வார்' என்ற வரி வந்து குறுக்கே நின்றது. கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காததற்கு அதுவும் இல்லை. அந்த வாயிலிருந்து மிச்சமானதெல்லாம் கைக்கு இறங்கியது போலிருந்தது. நூலக வேலையில் அப்படியொரு கவனம்.

கை வைத்து அழுத்திப் பார்க்கும்போது மெத்தென்று இருக்கிற இருக்கை வேறு, இரண்டு மணி நேரம் உட்காருகிற இருக்கை வேறு. வெறும் ஃபோம் போட்டால் ஆள் புதைந்து இடுப்பு வலிக்கும். அடியில் பட்டையை இழுத்துப் பின்னி, அதன்மேல் கெட்டி ஃபோம், அதற்கும் மேல் விரற்கடை கனத்துக்கு மெதுவானது, ஓரம் தொடையை வெட்டாமல் முன்பக்கம் உருட்டல். ஆறு நாற்காலி சாதாரண உயரம், நாலு நாற்காலி தாழ்வு. தாழ்வு என்றால் எத்தனை? அவள் வெங்காயம் நறுக்க உட்காரும் சின்ன முக்காலியைச் சமையலறையில் போய் அளந்தார்.

"அதை எதுக்கு அளக்கிறீங்க?"

"சும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக இருந்தால் அந்த முக்காலி வாங்கிய கடை, கடைக்காரன், அவனுடைய மச்சான் வரைக்கும் போயிருக்கவேண்டிய பேச்சு அது.

தெருவில் முதலில் கவனித்தது டீக்கடைக்காரர். "என்ன அண்ணே, ரேடியோவுல பேட்டரி தீர்ந்துபோச்சா?" என்றார். ரேடியோ சிரித்தார், அவ்வளவுதான். டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

வாரம் ஒன்று ஓடியது. அவள் ஒருநாள் காலை அவரை வெளிச்சத்துக்கு இழுத்து நிறுத்தி, "ஆ காட்டுங்க" என்று டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மகளுக்குப் போன் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். கதவுக்கு வெளியே அவருக்குப் பாதி கேட்டது. "இல்லடி, சண்டையெல்லாம் இல்லை. சாப்பிடறாரு. வேலைக்குப் போறாரு. ஆனா பேச மாட்டேங்கிறாரு… அழாதேடி, நீ அழுதா நான் என்ன பண்ணுவேன்?"

மறுநாள் மதியம் இரண்டு மணி ஆயிற்று. இரண்டேகால் ஆயிற்று. அவள் கிளம்பவில்லை. பட்டறையின் ஓரத்தில் உட்கார்ந்து, தைத்த உறைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா வீட்டுக்குப் போகலையா?" என்றார்.

"அவளுக்கு இப்ப பரவாயில்லை. உங்களை விட்டுட்டு எங்க போறது?"

அவருக்குத் தலையில் கை வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. யாருக்காகப் பட்டை பின்னி, உருட்டல் வைத்து, கொக்கி அடித்தாரோ அவள் இங்கே நூல் வெட்டிக்கொண்டிருக்கிறாள். சொன்னால், கடிதத்தைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். அவள் கூனிக் குறுகிப் போவாள். சொல்லாவிட்டால் அவள் வாசலைத் தாண்டமாட்டாள். இப்படியே அந்த வாரமும் போயிற்று. மாடி அறைக்குத் திரை போட்டாகிவிட்டது. பின்சுவரில் பஞ்சு வைத்துச் சாம்பல் நிறத் துணி போர்த்தியாகிவிட்டது. நடுவில் நின்று கை தட்டினால் சத்தம் துணிக்குள் போய் அடங்கியது. வியாழக்கிழமை திறப்பதாக நூலகர் சொன்னார்.

புதன்கிழமை காலை மழை விட்டிருந்தது. இரண்டு நாள் துணியையும் சேர்த்துத் துவைக்க உட்கார்ந்தவள், கொஞ்ச நேரத்தில் ஈரக் கையோடு பட்டறைக்கு வந்து நின்றாள். கையில் ஓரம் நனைந்த தாள், இத்தனை நாளும் சட்டைக்குச் சட்டை அவர் மாற்றி வைத்து, நேற்று எடுக்க மறந்த கடிதம். அவர் நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுக் காலுக்குக் கம்பளித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இது உங்ககிட்ட எப்படி வந்தது?"

அவர் பசை டப்பாவை மூடினார். "மேடம் குடுத்தாங்க. அளவு பார்க்கிறதுக்கு."

"யார் எழுதினதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லலை."

அவள் முகம் சிவந்து, கண் கலங்கி, பிறகு கோபமாக மாறியது. "அதான் ரெண்டு வாரமா வாயைப் பூட்டிக்கிட்டீங்களா? யாரோ டாக்டர் உங்களுக்கு ஏதோ பெரிய வியாதின்னு சொல்லிட்டாரு, நீங்க எங்கிட்ட மறைக்கிறீங்கன்னு நான் நினைச்சேன். உங்க சட்டைப் பையைத் துழாவினதே மருந்துச் சீட்டு இருக்கும்னுதான். தெரியுமா?"

"நீதானே எழுதியிருக்கே…"

"என்ன எழுதியிருக்கேன்? பேச்சை நிறுத்தச் சொல்லி எழுதினேனா? ஒரு மணி நேரம்தானே கேட்டேன்! மிச்சம் இருபத்துமூணு மணி நேரத்தை நான் என்ன பண்றது?"

அவர் கவிழ்ந்து கிடந்த நாற்காலியின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நான் அவ்வளவா பேசறேன்?" என்றார்.

அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "ஆமா."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? அக்கா வீடு, முழங்கால்னு எதுக்கு? படிக்கப் போறேன்னா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"வேண்டாம்னு சொல்லமாட்டீங்க. வீட்லயே படியேன், நான் என்ன தடுத்தேனான்னு கேட்பீங்க. வீட்ல புத்தகத்தை விரிச்சா, என்ன கதைன்னு கேட்பீங்க. சொல்ல ஆரம்பிச்சா, இதே மாதிரிதான் ஒருத்தன்னு உங்க கதைக்குப் போயிடுவீங்க. அப்புறம் நான் எந்தப் பக்கத்துல விட்டேன்னே தெரியாது." அவள் தாளை மடித்தாள். "சொல்லணும்னு நூறு தடவை நினைச்சேன். எப்ப சொல்றது? நடுவுல புகுந்து சொல்ல இடம் வேணும்ல?"

பட்டறைக்குள் வெயில் வந்திருந்தது. ஈரத் துணியிலிருந்து சொட்டும் சத்தம் பின்கட்டிலிருந்து கேட்டது. அவர் மறுபடி பசை டப்பாவைத் திறந்து, அடுத்த கம்பளித் துண்டை எடுத்தார். அவள் பயந்து, "இதுக்குத்தான் நான் சொல்லலை" என்று ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதில்லை. வீட்ல சத்தம் இல்லைன்னா எனக்கு ஆகாது. எங்கம்மா செத்தப்ப எனக்கு ஒன்பது வயசு. அதுக்கப்புறம் எங்கப்பா பேசலை. திட்டலை, அடிக்கலை. சாப்பிடுன்னுகூடச் சொல்லலை. தட்டை எடுத்து வைப்பாரு, அந்தச் சத்தம்தான் கூப்பிடற மாதிரி. மூணு வருஷம். நான்தான் ஸ்கூல்ல நடந்ததெல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பேன். அவர் ஒரு தடவையாவது என்னன்னு கேட்டுடுவாருன்னு. கேட்காட்டி முதல்லேர்ந்து சொல்வேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் பஸ்ஸில் பார்த்தவன், சந்தையில் பார்த்தவன், யாரோ ஒருவனுடைய மச்சான் என்று ஊர்க் கதையெல்லாம் சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்ற மாதிரி கதையா அது?"

அவள் அவர் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். விரலெல்லாம் பசை. ஒட்டிக்கொண்டது. பிரிக்கிறதற்குள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த ரூமு எப்படி வந்திருக்கு?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

அவ்வளவுதான், ரெண்டு வாரப் பேச்சும் மடை திறந்தது. பட்டை எப்படிப் பின்னினார், கதவுக்கு என்ன வைத்தியம் செய்தார், சுவர்த் துணிக்கு எந்த நிறம் என்று நூலகரோடு எப்படி வாதாடினார், எல்லாம் வந்தது. அவள் துவைக்கவேண்டிய துணி பாதியில் கிடக்க, முழுவதையும் கேட்டாள்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு, "படிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கண்ணாடியை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் அவர் ஆவலாக, "என்ன, எப்படி?" என்றார். "கால் தரையில பட்டுது" என்றாள்.

மூன்று வாரம் கழித்து நூலகர் போன் செய்தார். ஒரு நாற்காலி லேசாக முனகுகிறது, நேரம் கிடைக்கும்போது வந்து பார்க்கவேண்டும் என்றார். அவர் அன்று மதியமே பையைத் தூக்கிக்கொண்டு போனார். மாடி அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். தாழ்வான நாற்காலியில், ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும்படி, அவர் மனைவி. அவரைப் பார்த்ததும் கண்ணாலேயே என்ன என்று கேட்டாள். அவர் கையாலேயே ரிப்பேர் என்றார். முனகுகிற நாற்காலி அவளுக்குப் பக்கத்தில் இருந்ததுதான். வெளி வராந்தாவுக்குத் தூக்கிப் போய், ஆடிய காலின் இணைப்பை இறுக்கி, திரும்பக் கொண்டுவந்து போட்டு, முனகல் போய்விட்டதா என்று பார்க்க அதில் உட்கார்ந்தார்.

தான் செய்த நாற்காலியில் அவர் அப்படி உட்கார்ந்ததே இல்லை. வெயில் திரையில் பட்டு மங்கலாக உள்ளே வந்தது. யாரோ ஒரு பக்கத்தைத் திருப்பினார்கள். அப்புறம் இன்னொருவர்.

அதற்குப் பிறகு நடந்தது, மறுநாள் நூலகர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஐந்து நிமிஷத்தில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டாராம். சாதாரணக் குறட்டை இல்லை. நூலகர் கீழேயிருந்து ஓடி வரும்போது எட்டுப் பேரும் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பரீட்சைக்குப் படிக்கிற பெண் ஒருத்தி, "யாருங்க இவரு, எழுப்பிடவா?" என்று கிசுகிசுத்தாள். அப்போது, ஒருநாளும் வாய் திறக்காத அந்தக் குள்ளமான அம்மாள், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கிற முழுக் குரலில் சொன்னாளாம்:

"எங்க வீட்டுக்காரர். நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலியெல்லாம் அவர் செஞ்சதுதான். கொஞ்சம் தூங்கட்டும்."

பரீட்சைக்குப் படிக்கிற பெண் தன் நாற்காலியின் கையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் படிக்கக் குனிந்தாள். மற்றவர்களும் குனிந்தார்கள்.

அவர் கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று புரியவில்லை. அறை அவ்வளவு நிசப்தமாக இருந்தது. திரும்பினார். பக்கத்தில் அவள். தடிமனான புத்தகத்தின் கனமெல்லாம் இடது கைப்பக்கம் போய், வலப்பக்கம் ஒரே ஒரு தாள் மிச்சம் இருந்தது. என்ன ஆச்சு, மணி என்ன, போகலாமா என்று கேட்பதற்காக வாயைத் திறந்தார்.

அவள் நிமிரவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

அவர் வாயை மூடிக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் அவள் கண் இறங்கிவருவதைப் பார்த்தபடி காத்திருந்தார்.